கயிறு கையில் இருக்கட்டும்: இலங்கை மலையகத்தில் நாய்களோடு இயற்கை நடையும் பண்ணை வருகையும் – ஒரு முழுமையான வழிகாட்டி

அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ விடிந்ததும் ஒரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்குகிறவர், அரை மணி நேரத்துக்குள் நான்கு பேருடைய இடங்களைக் கடந்துவிடுகிறார். முதலில் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின், பின்புறம் வரும். அங்கே தண்ணீர்ப் பீலியடியில் குடத்தோடு பெண்கள் நிற்பார்கள். அடுத்தது தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலை. அதற்கப்பால் கற்பூர மரங்களும் ஓடையும், ஓடைக்கு அக்கரையில் யாரோ ஒருவர் கல் வரம்பு கட்டி லீக்ஸ் நட்டிருக்கும் துண்டு நிலமும் இருக்கும். படத்தில் பார்ப்பவருக்கு இவை எல்லாம் சேர்ந்து ஒரே பச்சை. உள்ளே நடப்பவருக்கு ஒவ்வொரு வரம்பிலும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். நாய்க்கு அந்த வரம்பு தெரியாது.

வெலிமடைப் பக்கத்தில் சில ஆண்டுகளாகச் சிறு குழுக்களை நாய்களுடன் அழைத்துச் சென்று வருகிறேன். தங்குமிடம் நடத்தும் இளைஞர்களும், தோட்டத்தில் வளர்ந்து இப்போது வழிகாட்டியாக வேலை பார்க்கும் தம்பி தங்கைகளும் இதை எப்படித் தொடங்குவது என்று கேட்பதால், தொடக்கம் முதல் முடிவு வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். நடையை நடத்துபவருக்காக எழுதியது இது என்றாலும், கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ தங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வருபவர்களும் படித்துவிட்டு வந்தால் எங்கள் பாடு பாதியாகக் குறையும்.

முதற்படி: பாதையும் மாதமும்

பாதை தேடும்போது, போகக் கூடாத இடங்களை முதலில் கழித்துவிட வேண்டும். ஹோர்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் நாயைக் கொண்டுசெல்ல முடியாது. இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டியதில்லை. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்கும் தொற்றக்கூடியவை. நாயின் வாடை மட்டுமே மரையையும் அதன் கன்றையும் மேய்ச்சலை விட்டு விரட்டப் போதுமானது. தேசியப் பூங்காக்களும் காப்பகக் காடுகளும் நம் நடையின் எல்லைக்கு வெளியே இருக்கட்டும். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் காட்சிமுனை வரை ஏறும் ஏறத்தாழ 7 கிலோமீற்றர் பாதையைப் பலர் முதலில் நினைக்கிறார்கள். காட்சிக்கு அது அருமையான பாதைதான், ஆனால் தார் வீதி, ஆட்டோக்களின் ஓட்டம், விடுமுறை நாட்களின் கூட்டம் ஆகிய மூன்றும் நாய்க்கு ஒத்துவராதவை.

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளுகிறது. தேயிலை சுமந்து இறக்கிய பழைய தோட்டப் பாதைகளை இணைத்து அமைத்த வழி என்பதால், அதன் சில துண்டுகள் ஏற்றம் குறைந்தவை. மண் பாதையாகவும் மர நிழலாகவும் இருப்பவை. முழுக் கட்டத்தையும் நடக்க முயலாமல் அப்படிப்பட்ட ஒரு துண்டைத் தெரிவு செய்யலாம். எனக்குப் பிடித்த அளவு 5 முதல் 6 கிலோமீற்றர் வரையிலான வட்டப்பாதை; ஏற்றம் முதற்பாதியிலும் பண்ணை நடுவிலும் வர வேண்டும். போன வழியே திரும்பி வரும் நடையில், காலையில் குரைத்த லயத்து நாய்களை மறுபடியும் சந்திக்க நேரிடும்.

மாதத்தைத் தீர்மானிக்கும்போது மலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது முக்கியம். அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் நல்லது. அதே தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்து வறண்டுவிடுவதால், பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகள் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் காய்ந்து கிடக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் பருவமும் அதுவே. நடக்க உகந்த காலம்தான், ஆனால் மானாப்புல் மேடுகளில் தீப்பிடிப்பதும் அப்போதுதான். புகை தெரிந்த பக்கம் அன்று போகக் கூடாது. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின் இடி முழக்கம் ஏறக்குறைய நிச்சயம் என்பதால், எந்த மாதமானாலும் மதியத்துக்குள் நடையை முடித்துவிடுவது என் வழக்கம்.

இரண்டாம் படி: சொல்லிவிட்டுப் போவது

தோட்டத்துப் பாதைகளில் யார் வேண்டுமானாலும் நடப்பதைப் பார்த்து, அனுமதி தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நாய்களோடு ஒரு குழு வருகிறது என்பதைத் தோட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, முடிந்தால் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். அதோடு நில்லாமல், முதல் நாள் மாலை அந்த டிவிஷனின் வேலையைப் பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: நாளைக்கு எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார்கள், எந்த மலைக்கு மருந்து அடித்தார்கள்? இரண்டு மலைகளையும் நம் பாதையிலிருந்து விலக்கிவிட வேண்டும். மருந்து அடித்த இலையில் உரசி வந்த நாய், வீட்டுக்குப் போய்த் தன் காலையும் வயிற்றையும் நக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் கேள்வியை மறக்க மாட்டீர்கள்.

கவ்வாத்து வெட்டிய மலையையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி விடும்போது, வெட்டிய குச்சிகள் நிலத்திலேயே மூடாக்காகக் கிடக்கும். சாய்வாக வெட்டுப்பட்ட அந்தக் குச்சியின் நுனி சப்பாத்தையே குத்தித் துளைக்கக்கூடியது. நாயின் பாதம் அதற்கு எந்த மூலை?

பண்ணையை நேரில் சென்றே ஒழுங்கு செய்ய வேண்டும்; தொலைபேசியில் பேசி முடிக்கும் காரியம் அல்ல. நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் பெரும்பாலும் கால் ஏக்கர், அரை ஏக்கர் மரக்கறி நிலமும் இரண்டு மூன்று பசுக்களும் கொண்ட குடும்பங்கள்தாம் நமக்குப் பொருத்தமானவை. பெரிய பால் பண்ணைகளில் வெளி நாய்களை உள்ளே விடுவதில்லை, விடாமல் இருப்பதும் சரியே. நேரில் போகும்போது எத்தனை பேர், எத்தனை நாய்கள், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவோம், எவ்வளவு கொடுப்போம் என்பதை அந்த வீட்டு அம்மாவின் முன்னிலையில் பேசுங்கள். மாட்டைப் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான்; ஐயாவோடு மட்டும் பேசி முடித்த ஏற்பாடுகள் அன்று காலையில் குழம்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: எந்த நாய் வரலாம்

ஒரு வழிகாட்டிக்கு நான்கு நாய்களுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு நாய்க்கும் கயிற்றைப் பிடிக்க வளர்ந்தவர் ஒருவர் வேண்டும். விசர்நாய் நோய்த் தடுப்பூசி ஓராண்டுக்குள் போடப்பட்டதா என்பதை அட்டையில் பார்த்து உறுதி செய்யுங்கள். முதன்முறையாகப் போட்ட ஊசி என்றால் குறைந்தது 3 வாரங்களாவது கடந்திருக்க வேண்டும். அதற்கு அடுத்ததாக எலிக்காய்ச்சல் தடுப்பூசியைக் கேட்பேன். வயல் வாய்க்காலிலும் மாட்டுக்கொட்டில் சேற்றிலும் கால் வைக்கப் போகிற நாய்க்கு அது தேவை, அந்த நோய் மனிதருக்கும் வருவது. உண்ணி மருந்தை நடைக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும்.

பருவத்திலிருக்கும் பெட்டையை அழைத்து வரக் கூடாது. ஒரு பெட்டையால் மூன்று லயத்து நாய்களும் நம் பின்னால் ஊர்வலமாக வந்த நாள் ஒன்று உண்டு. அன்று யாரும் ஒரு பறவையைக்கூடப் பார்க்கவில்லை. பக் போன்ற மூக்குச் சப்பையான நாய்களுக்கு ஏற்றத்தில் மூச்சு முட்டும். மலையில் குளிர்தானே என்று உரிமையாளர்கள் வாதாடுவார்கள். குளிர் காற்றில்தான் இருக்கிறது, ஏறுகிற உடம்பு கொதிக்கிறது. கோழியைத் துரத்திப் பிடித்த வரலாறுள்ள நாயை, உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பண்ணை இல்லாத நடைக்கு மட்டும் அழையுங்கள்.

கொண்டுவர வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு மீற்றர் நீளமான உறுதியான கயிறும் மார்புப்பட்டியும் வேண்டும். இழுத்தால் நீண்டுகொண்டே போகும் சுருள் கயிறு தேயிலைத் தூரில் சிக்கிக்கொள்ளும் என்பதால் வேண்டாம். ஆளுக்கு ஒரு லீற்றர், நாய்க்கு ஒரு லீற்றர் தண்ணீர், மடிக்கக்கூடிய கிண்ணம், மலம் அள்ளும் பைகள், உப்பு, சவர்க்காரத் துண்டு, பருத்தித் துணிக்கட்டு, சாமணம், ஒரு பழைய துவாய் ஆகியவை போதும். அருகிலுள்ள அரச மிருக வைத்தியரின் இலக்கத்தைக் குழுவில் இருவருடைய தொலைபேசியிலாவது பதிந்து வையுங்கள். பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் தாளிலும் எழுதி வைப்பது நல்லது.

நான்காம் படி: காலை 6.30

பண்ணையின் நேரம்தான் நம் நேரத்தை முடிவு செய்கிறது. மலையகத்தில் காலைப் பால் கறவை விடியுமுன்னரே தொடங்கி, 7 மணியளவில் பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கேன் போய்விடும்; மாலைக் கறவை பிற்பகல் 3 மணியளவில். இடையில் மாடு தின்று முடித்துப் படுத்து அசைபோடும் வேளை 9.30க்கும் 11க்கும் நடுவில் வருகிறது. அந்தச் சாந்தமான ஒன்றரை மணி நேரத்துக்குள் பண்ணையில் இருக்க வேண்டும் என்றால் 6.30க்கு நடை தொடங்க வேண்டும். அதற்கு முன் கிளம்பவும் கூடாது. இருட்டோடு நாயைக் காட்டோரம் கொண்டுபோவது சிறுத்தைக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

கூடும் இடம் யாருடைய வீட்டு வாசலாகவும் இல்லாமல் ஒரு திறந்த வெளியாக இருக்கட்டும். நாய்களை மூக்கோடு மூக்கு மோதவிட்டு அறிமுகம் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஐந்து மீற்றர் இடைவெளியில் எல்லோரும் ஒரே திசையில் பத்து நிமிடம் பக்கவாட்டில் நடந்தால், நாய்கள் தாமாகவே ஒன்றையொன்று அறிந்து அடங்கிவிடும். எது முன்னால் போக விரும்புகிறது, எது பின்தங்குகிறது என்பதும் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த வரிசையையே நடை முழுவதும் காப்பாற்றுங்கள். பிறகு ஒரே ஒரு விதியை மட்டும் உரக்கச் சொல்வேன்: நான் சொல்லும் ஒரு தருணத்தைத் தவிர, கயிறு கையை விட்டுப் போகக் கூடாது.

ஐந்தாம் படி: லயமும் கொழுந்து மலையும்

லயத்தருகே போகும்போது நம் நாய்களைப் பாதையின் வெளி ஓரத்துக்கு மாற்றி, கயிற்றைச் சுருக்கி, நிற்காமல் நடக்க வேண்டும். லயத்து நாய்கள் குரைப்பது அவற்றின் வேலை. கல் எடுப்பதுபோல் குனிந்தால் அவை ஓடிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வாசலில் நின்று அவர்கள் நாயைப் பார்த்துக் குனிவது மரியாதையில்லை. முன்னால் போகும் வழிகாட்டி, “அக்கா, நாயக் கொஞ்சம் கூப்பிடுங்க” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். உள்ளே இருந்து யாராவது அதட்டுவார்கள், அது வாலை மடக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடும். பிள்ளைகள் ஓடிவந்து நாயைத் தொட்டுப் பார்க்கக் கேட்டால், நாயின் உரிமையாளர் குந்தியிருந்து மார்புப்பட்டியைப் பிடித்துக்கொள்ள, பக்கவாட்டிலிருந்து தொட விடலாம். பிள்ளைகளைப் படமெடுப்பதென்றால் பெற்றவர்களிடம் கேட்க வேண்டும்.

மாரியம்மன் கோவிலின் முன்பாகப் பாதை போனால் சற்றுத் தள்ளிச் சுற்றிப் போங்கள். பெரிய கோவிலை யாரும் தவறவிட மாட்டார்கள். தேயிலைக்கு நடுவே ஒரு மரத்தடியில் நட்ட கல்லும் சூலமும் மட்டுமாக இருக்கும் சாமிகளைத்தான் தவறவிடுவார்கள். கவ்வாத்துக்கு முன் கும்பிடும் கவ்வாத்துச் சாமியும், தொழிற்சாலையைக் காக்கும் ரோதை முனியும் அப்படிப்பட்டவர்கள். ஆண் நாய் காலைத் தூக்குவதற்கு அந்தக் கல்லைத்தான் முதலில் தேடும். பைரவரின் வாகனம்தானே என்று சொல்லிச் சமாளித்த ஒரு விருந்தினரை, அங்கே நின்ற பெரியவர் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கொழுந்து எடுக்கும் மலையைத் தவிர்த்திருந்தாலும், நிறுவை இடத்தையும் கொழுந்துச் சாக்குகளையும் கடக்க நேரலாம். ஒரு நாய் அதன்மேல் மூத்திரம் பெய்தால் அந்தச் சாக்கு கழிவுதான். அதை எடுத்த பெண்ணின் அரை நாள் உழைப்பு அது. குறைந்தது பத்து மீற்றர் தள்ளியே நில்லுங்கள். இங்கே நின்று பேசுவதற்கு விஷயம் நிறைய உண்டு. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். காலடியில் இருக்கும் கானைக் காட்டுபவர் குறைவு. சரிவுக்குக் குறுக்கே, மண் அரிக்காமல் மழைநீரை மெதுவாக நடத்திச் செல்லும்படி வெட்டிய அந்த வடிகான்கள்தாம் ஒன்றரை நூற்றாண்டாக இந்த மலையை நிறுத்தி வைத்திருக்கின்றன. அவற்றை வெட்டிய கைகள் யாருடையவை என்பதைச் சொல்லாமல் இந்தச் சரிவைக் காட்டுவது முழுமையாகாது. கானைத் தாண்ட நாயைக் குதிக்க விடாமல், பாலப் பலகை உள்ள இடத்தில் கடக்க வையுங்கள்.

ஆறாம் படி: ஓடையும் காட்டோரமும்

நடையின் அழகான பகுதியும் ஆபத்தான பகுதியும் இதுவே. கற்பூர மரங்களைத் தாண்டி ஓடைக்கரையின் இயற்கைக் காட்டுக்குள் நுழைந்ததும் குளிர் மாறும். மஞ்சள் காதுச் சின்னானும், இலங்கைக்கு மட்டுமே உரிய வெள்ளைக்கண்ணியும் இங்கே எளிதில் தென்படும். விடியற்காலையில் காட்டுக்கோழி கூவும். நாய்கள் மோப்பம் பிடித்து நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். என் நாய் கறுப்பன் ஓர் இடத்தில் மூக்கை மண்ணில் ஊன்றி நின்றுவிட்டால், அங்கே முள்ளம்பன்றி கிளறிய குழியோ காட்டுப்பன்றியின் தடமோ இருக்கும். நாயை இழுக்காமல், அது காட்டுவதை நாம் குனிந்து பார்ப்பதுதான் இந்த நடைக்கும் மற்ற நடைகளுக்கும் உள்ள வேறுபாடு.

அட்டையைப் பற்றிய பயத்தை முன்னரே தணித்து வையுங்கள். காலுறைக்குமேல் சவர்க்காரம் தேய்த்தால் மனிதருக்குப் போதும். பலர் சித்தாலேப என்ற மூலிகைத் தைலத்தைத் தடவுவார்கள், அதுவும் சரி. ஆனால் நாய்க்குத் தைலம் எதையும் பூசக் கூடாது, நக்கிவிடும். விரலிடுக்கிலும் காது மடலிலும் ஒட்டியிருக்கும் அட்டையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்து, கசியும் இரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். மூக்குக்குள் போகும் அட்டைதான் தொல்லை. ஓடையில் வாய் வைத்துக் குடிக்கும்போது புகுந்துகொள்ளும் அது நாட்கணக்கில் உள்ளேயே இருக்கும். நாய் ஓயாமல் தும்மும், ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் வடியும். நாயைச் சிறிது நேரம் தாகமாக வைத்து, பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை மூக்கருகே காட்டினால் அட்டை தலை நீட்டும் என்பது பழைய மாட்டுக்காரர்களின் உபாயம். ஆனால் அதைப் பிடித்து இழுப்பதை மிருக வைத்தியரிடம் விட்டுவிடுவது நல்லது. இதற்காகத்தான் கிண்ணமும் போத்தல் தண்ணீரும். ஓடையில் குடிக்கவே விட வேண்டாம்.

அட்டையைவிடப் பல மடங்கு அஞ்ச வேண்டியது குளவி. தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்கள் குளவி கொட்டி இறந்த செய்திகள் அடிக்கடி வருவதை அறிவீர்கள். உயர்ந்த மரக்கிளைகளில் தொங்கும் மலைத்தேனீக் கூடுகளும், தேயிலைத் தூரிலும் கான் ஓரத்திலும் மறைந்திருக்கும் குளவிக்கூடுகளும் வெவ்வேறு. நாய் கிளப்பிவிடுவது பெரும்பாலும் இரண்டாவது வகை. முதல் நாள் பாதையைப் பார்த்து வரும்போது அங்கே வேலை செய்பவர்களிடம் கூடு எங்கே என்று கேளுங்கள். அவர்கள் மரத்தைச் சுட்டிக் காட்டுவார்கள். நடையன்று வழிகாட்டி நாய் இல்லாமல் பத்து மீற்றர் முன்னால் போக வேண்டும். வாசனைத் திரவியம் பூசி வந்தவர்களைப் பின்னால் நிறுத்துங்கள், புகைக்க விடாதீர்கள்.

குளவி எழுந்துவிட்டால், அதுதான் நான் முன்னர் சொன்ன ஒரே தருணம்: கயிற்றை விட்டுவிடுங்கள். கட்டுண்ட நாய் தப்ப முடியாது, அதைப் பிடித்திருப்பவரும் தப்ப முடியாது. கையை வீசாமல், முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு, வந்த வழியே நேராக ஓடி, கதவு மூடும் இடம் எதுவோ அதற்குள் புக வேண்டும். நாய் நம்மைவிட வேகமாக ஓடும். பிறகு கூப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். தேனீ கொட்டியிருந்தால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். மூச்சுத் திணறலோ, தலைச்சுற்றலோ, பல இடங்களில் கொட்டியதோ இருந்தால் தாமதிக்காமல் 1990 அம்பியூலன்ஸ் சேவையை அழையுங்கள். முகம் வீங்கி, வாந்தி எடுத்து, ஈறு வெளிறிய நாயை நேராக மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மனிதருக்குக் கொடுக்கும் பரசிட்டமோலை ஒருபோதும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

காட்டோரத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று கம்பிச் சுருக்கு. மரக்கறியைக் கிளறும் பன்றிக்காக வேலியின் சந்தில் கட்டிவைக்கும் பிரேக் கம்பி, வருகிற உயிர் எதுவென்று பார்ப்பதில்லை. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. கயிற்றிலில்லாத நாய் வேலிச் சந்தில் நுழைந்தால் அதே கதிதான். நாய் சிக்கிவிட்டால் அது இழுக்காதபடி உடம்போடு அணைத்துப் பிடித்து, கம்பி கட்டியிருக்கும் மரப்பக்கத்தில் தளர்த்த வேண்டும். வாயைத் துணியால் கட்டிவிட்டுச் செய்யுங்கள், வலியில் தன் எஜமானையே கடிக்கும். சிறுத்தையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தோட்டத்து ஓடைக்காடுகளில் அது வாழ்கிறது, நாயைத் தின்கிறது, பகலில் கூட்டமாகப் பேசிக்கொண்டு போகும் மனிதரைத் தவிர்க்கிறது. ஆகவே சேர்ந்து நடவுங்கள், பகலில் நடவுங்கள், யாரையும் நாயோடு தனியே பின்தங்க விடாதீர்கள்.

ஏழாம் படி: பண்ணைக்குள்

பண்ணை வாசலில் முதல் வேலை, நாய்களுக்கு மலசலம் கழிக்க நேரம் கொடுத்து, கழித்ததை அள்ளிப் பையில் கட்டுவது. இதைச் சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலத்தில் வெளிவந்து, புல்லோடு பசுவின் வயிற்றுக்குள் போனால் சினைப்பசு கன்று வீசிவிடக்கூடும். மாட்டுத் தீவனமான கோ-3 புல் வெட்டிக் கொட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் மலம் கழித்துவிட்டுப் போவது, அந்தக் குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தோடு விளையாடுவதாகும். அடுத்து, எல்லோருடைய சப்பாத்தையும் சேறு போகக் கழுவி, கிருமிநாசினி கலந்த தண்ணீரில் நனைக்க வேண்டும். வேறு மாட்டுப்பட்டிக்கு அண்மையில் போய்வந்தவர் கொட்டில் பக்கம் வர வேண்டாம். கோமாரி எனப்படும் கால்-வாய் நோய் சப்பாத்திலும் ஏறி வரும்.

இதன்பின் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி நாய்களோடு வாசல் மர நிழலில் இருக்க, மறு பாதி நாயில்லாமல் கொட்டிலுக்குப் போய்வர, பிறகு மாறிக்கொள்ளலாம். நாயையும் மாட்டையும் அருகருகே நிறுத்திப் படமெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதலாண்டில் நானும் ஒருமுறை அதற்கு இடங்கொடுத்தேன். கன்று ஈன்று பத்து நாளான சிந்தி என்ற பசு, கறுப்பனைக் கண்டதும் கயிற்றை முறுக்கிக்கொண்டு எழுந்து, தொட்டியைக் கவிழ்த்து, மாலைக் கறவையில் பாலை மேலே இழுத்துக்கொண்டது. மிரண்ட மாடு பாலை இறக்காது என்பது மாடு வளர்க்கும் எவருக்கும் தெரிந்த பாடம். அந்த வீட்டு அம்மா கோபப்படவில்லை. “தம்பி, எங்க வீட்டு நாய் வந்தா அவளுக்குத் தெரியும். இது யார் வீட்டு நாயோ, அவ என்னத்தக் கண்டா?” என்று சொல்லிவிட்டு, கவிழ்ந்த புண்ணாக்கைக் கையால் கூட்டி அள்ளத் தொடங்கினார். அன்றிலிருந்து கன்றுள்ள கொட்டிலுக்கு நாய் போவதில்லை. மற்றக் கொட்டில்களுக்கும் இருபது மீற்றருக்குள் போவதில்லை.

மரக்கறி நிலத்தில் வரம்பின்மேல் மட்டும், ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். புதிதாக விதைத்த கரட் பாத்தி வெறும் மண்போலத்தான் தெரியும். நாயின் நான்கு கால்கள் பட்ட இடத்தில் விதை ஆழத்துக்குப் போய் முளைக்காது. லீக்ஸ் பாத்தியில் தண்டு வெளுப்பதற்காக மண் அணைக்கும் விதத்தையும், வெலிமடைப் பக்கமானால் நெல் அறுத்த வயலிலேயே உருளைக்கிழங்கு போடும் முறையையும் பண்ணைக்காரர் வாயாலேயே கேட்க விடுங்கள். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் நேற்று ஒரு கிலோ எத்தனை ரூபா போனது என்று யாராவது கேட்டால் போதும், அதற்குப்பின் வழிகாட்டி வாய் திறக்க வேண்டிய தேவையே இருக்காது.

நாய்க்கு இங்கே இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று லீக்ஸ். வெங்காயக் குடும்பத்துச் செடி என்பதால் அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கழித்துப் போட்ட தோகையைக் கடித்து விளையாட விடக் கூடாது. மற்றது உரக்குவியலும் நத்தை மருந்தும். கோழி எருவின் வாடை நாய்க்கு விருந்து வாடை. அதில் புரளும், தின்னவும் செய்யும். நத்தைக்கு வைக்கும் குருணை நாய்க்குக் கடும் நஞ்சு. நிலத்தில் எங்காவது வைத்திருக்கிறீர்களா என்று முன்கூட்டியே கேட்டு, இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தேநீர் கொடுப்பார்கள். பெரும்பாலும் கையில் சீனியை வைத்துக் கடித்துக் குடிக்கும் வெறுந்தேநீரும் அவித்த கிழங்கும் கட்டைச் சம்பலும் இருக்கும். நாய்களுக்குத் தேநீரில் தோய்த்த பிஸ்கட் கொடுக்க அன்போடு வருவார்கள்; ஒரு துண்டு வெறும் பிஸ்கட் போதும் என்று சொல்லிவிடுங்கள், தேயிலை நாய்க்கு ஆகாது. போகும்போது பேசிய தொகையைப் பேசிய கையிலேயே கொடுங்கள். மரக்கறி வாங்க விரும்புபவர்கள் கடை விலைக்கு வாங்கட்டும். தோட்டத்து விலைக்குக் குறைத்துக் கேட்பதை நான் அனுமதிப்பதில்லை.

எட்டாம் படி: திரும்பியபின்

இறக்கத்தில் நாய்கள் களைத்திருக்கும், மனிதர் அதைவிடக் களைத்திருப்பார்கள், கயிறு தளரும் நேரம் அதுதான். தார் வீதி வந்தால் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியவில்லையென்றால் நாயைப் புல்லோரம் நடத்துங்கள். நடை முடிந்த இடத்திலேயே துவாயால் துடைத்து, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் அக்குளிலும் வாலடியிலும் உண்ணி பார்க்க வேண்டும். கண்டால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நெருப்பால் சுடுவதோ எண்ணெய் ஊற்றுவதோ வேண்டாம். அடுத்த மூன்று வாரங்களுக்குள் நாய் சாப்பாட்டை வெறுத்து, ஈறு வெளிறி, மூத்திரம் கறுத்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மலையில் நடந்து வந்ததை மிருக வைத்தியரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லும்படி உரிமையாளருக்கு எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

நடையில் யாரையாவது எந்த நாயாவது கடித்திருந்தால், கீறல் மட்டும் என்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தடுப்பூசி அட்டை இருக்கிறதே என்று யாரும் வீட்டில் தங்கிவிடக் கூடாது. லயத்து நாயிடம் அட்டை இருக்காது.

மறுநாள் காலை 8 மணிக்கு, பால் கேன் போய்த் திரும்பிய நேரமாகப் பார்த்து, பண்ணைக்குத் தொலைபேசி எடுக்கிறேன். நேற்று மாலை எவ்வளவு கறந்தது, வழக்கமாக எவ்வளவு என்று கேட்பேன். குறைந்திருந்தால் அந்த லீற்றருக்கான காசு அடுத்த முறை போகும்போது பேசிய தொகையோடு சேரும். அந்தக் குழுவில் எந்த நாய் வந்திருந்தது என்பதையும் கொப்பியில் குறித்துக்கொள்வேன்.